‘கோ’ வினைக்கு ‘வென்ற்’ எங்கிருந்து வந்தது?

மாணவர்களே, ஆங்கில வினைகளின் இறந்தகால வடிவங்களை மனனஞ் செய்யும்போது ‘கோ’ என்பதற்கு எதிரே ‘வென்ற்’ எனப் படித்திருப்பீர்கள். இரண்டிற்கும் பொதுவான எழுத்து ஒன்றேனும் இல்லை. ‘ஒழுங்கற்ற வினை’ என்று கூறிவிட்டு அப்பாற் செல்வதே வழக்கம். ஆனால் ‘வென்ற்’ உண்மையில் வேறொரு வினையின் இறந்தகாலமாகும். இன்று அரிதாகவே வழங்கும் அவ்வினை ‘வென்ட்’. இதன் இறுதி எழுத்து டீ. ‘வென்ற்’ என்பதன் இறுதி எழுத்து ரீ என்பதைக் கவனிக்க.

பழைய ஆங்கிலத்தில் இவ்வினை ‘வென்டன்’ எனப்பட்டது. திருப்புதல், திரும்புதல் என்பன அதன் பொருள்கள். வளைந்து செல்லுதலைக் குறிக்கும் ‘வைன்ட்’ என்ற வினைக்கும் இதற்கும் உறவு, தமிழில் ‘திரும்பு’, ‘திருப்பு’ ஆகியவற்றுக்கிடையே உள்ளதைப் போன்றது. ஒரு திசைக்குத் திரும்புபவன் அத்திசையிலேயே நடக்கிறான் அல்லவா? இவ்வாறே ‘செல்லுதல்’ என்ற பொருளும் இதற்கு ஏற்பட்டது. 14ஆம் நூற்றாண்டில் சோசர் எழுதிய ‘கன்டபரி கதைகள்’ என்னும் நூலில் யாத்திரிகர் செல்வதை இவ்வினையே குறிக்கிறது.

‘சென்ட்’ என்பது ‘சென்ற்’ ஆகிறது. ‘லென்ட்’, ‘ஸ்பென்ட்’, ‘பென்ட்’ என்பனவும் அவ்வாறே. ஆகவே ‘வென்ட்’ என்பது ‘வென்ற்’ ஆனதில் வியப்பில்லை.

‘கோ’ வினைக்கு முன்னர் வேறோர் இறந்தகால வடிவம் இருந்தது. அதுவும் ‘கோ’வைச் சிறிதும் ஒத்ததல்ல! அது வழக்கொழிய, 1500ஆம் ஆண்டளவில் ‘வென்ற்’ அவ்விடத்தில் நிலைபெற்றது. தன் இறந்தகாலத்தை இழந்த ‘வென்ட்’, ‘வென்டட்’ எனப் புதியதொன்றைப் பெற்றது.

இன்று இவ்வினை பெரும்பாலும் ‘வே’ என்ற சொல்லுடன் சேர்ந்தே வரும். ‘ஹீ வென்டட் ஹிஸ் வே ஹோம்’ என்பது உதாரணம். மெதுவாக, வளைந்து வளைந்து செல்லுதலை இது உணர்த்தும். மணியடித்துவிட்டதென்று பாடசாலைக்கு ஓடும் மாணவனுக்கு இச்சொல் பொருந்தாது. திருவிழா முடிந்து ஒழுங்கைகளால் ஆறுதலாக வீடு திரும்பும் சனத்திற்குப் பொருந்தும்.

பரீட்சையில் புள்ளிகள் குறைவது பெரும்பாலும் வேறிடத்தில். ‘டிட் நொட் வென்ற்’ என எழுதுதல் பிழை. இறந்தகாலத்தை ‘டிட்’ ஏற்கெனவே காட்டிவிட்டது. எனவே ‘டிட் நொட் கோ’ என்பதே சரி. ‘ஐ ஹாவ் வென்ற்’ என்பதும் பிழையே. ‘வென்ற்’ பிடித்துக்கொண்டது இறந்தகாலத்தின் இடத்தை மட்டுமே. ‘ஹாவ்’, ‘ஹாஸ்’, ‘ஹாட்’ ஆகியவற்றின் பின் ‘கோ’வுக்கே உரிய பழைய வடிவமான ‘கோன்’ இன்றும் வருகிறது.