பட்டா இல்லாத விவசாயி

பயிர்க்கடன் கேட்டு வருபவர்களிடம் வங்கியில் நான் முதலில் கேட்டது பட்டா, சிட்டா, அடங்கல். நாற்று நட்டு, களையெடுத்த அம்மா, "நிலம் அவர் பேர்ல இருக்கு சார்" என்பார். திருப்பி அனுப்பிடுவேன்.

மாநிலங்களவை நியமன உறுப்பினர் எம்.எஸ்.சுவாமிநாதன் 2012 மே மாதம் கொண்டுவந்த பெண் விவசாயிகள் உரிமை மசோதா இந்த இடத்தைத்தான் தொட்டது. நிலம் யார் பேரில் இருந்தாலும் பயிர்செய்யும் பெண் விவசாயிதான். கிராமசபை ஒப்புதலோடு ஊராட்சி சான்று தரும். அதைக் காட்டி கிசான் கிரெடிட் கார்டு கேட்கலாம். ஆனால் அது தனிநபர் மசோதா. 2013இல் அவர் பதவிக்காலம் முடிந்ததும் காலாவதியாகிவிட்டது.

பசுமைப் புரட்சி விஷயத்தில் அவரோடு நமக்குக் கருத்து வேறுபாடு உண்டு. இதில் இல்லை. அடுத்த கிராமசபையில் உங்க ஊர்ப் பெண் விவசாயிகள் பட்டியலைத் தீர்மானமாக எழுத வையுங்கள். சட்ட பலம் இல்லாவிட்டாலும், கேட்கத் தொடங்க அது போதும்.