புயல் எச்சரிக்கை வந்ததும்: எதைக் கட்டுவது, எதை அவிழ்ப்பது

மொனராகலையிலிருந்து சியம்பலாண்டுவை வழியாக இறங்கினால் பொத்துவில், அதை அடுத்து அறுகம்குடா. அந்தக் கரையில் படகு வைத்திருப்பவர்களுக்குப் புயல் புதிதல்ல. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பை அடித்த சூறாவளியை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் கிழக்கில் இன்றும் இருக்கிறார்கள்.

எச்சரிக்கை வந்ததும் படகுக்காரர் செய்யும் வேலைகளைக் கவனியுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே இயந்திரத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவார். வலையைச் சுருட்டுவார். பத்துப் பேரைக் கூப்பிட்டு, படகை அலை எட்டாத மேட்டுக்கு இழுத்துக் கட்டுவார். அத்துடன் அவருடைய வேலை முடிந்தது. இருட்டிய பிறகு, கயிறு அறுந்ததோ என்று பார்க்க மறுபடியும் கரைக்குப் போகிறவர்தான் ஆபத்தில் சிக்குகிறார். கடன் எடுத்து வாங்கிய படகு என்றால் போகாமல் இருப்பது கஷ்டம்தான்.

அவருக்கும் எச்சரிக்கை நேரத்தோடு கிடைத்தால்தான் இதெல்லாம் நடக்கும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, முன்னதாகவே கடலுக்குப் போயிருந்த கன்னியாகுமரி மீனவர்கள் பலர் வீடு திரும்பவில்லை.

புயல் கடற்கரைக்காரர்களின் பிரச்சினை என்றுதான் மலையில் பலரும் நினைத்திருந்தோம். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் அந்த நினைப்பை மாற்றிவிட்டது. மலைக்குப் புயல் மழையாக வருகிறது, மழை மண்சரிவாகிறது. படகை மேட்டுக்கு இழுக்கலாம், லயத்தை இழுக்க முடியாது. நாம் செய்யக்கூடியது நேரத்தோடு வெளியேறுவதுதான்.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். மக்கள் கேட்கவில்லை என்று சொல்வது எளிது. போவதற்கு வேறு காணி இருந்ததா என்றும் கேட்க வேண்டும். ஆகவே, உங்கள் லயம் ஆபத்தான இடத்தில் இருப்பதாகச் சொல்லப்பட்டிருந்தால், மாற்றுக் காணி பற்றிப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேளுங்கள்; கடிதத்தின் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அது கிடைக்கும்வரை ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் கீழே உள்ளவை உதவும்.

மழையை நீங்களே அளக்கலாம். வாயும் அடியும் ஒரே அகலமான பால்மா டின் ஒன்றை, மரமோ கூரையோ மறைக்காத வெளியில் வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் அளந்துவிட்டு ஊற்றிவிடுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது ஏழரை சென்ரிமீற்றர் சேர்ந்தால் விழிப்பாக இருங்கள். 100 என்றால் புறப்பட ஆயத்தமாகுங்கள். 150 ஆனாலோ, ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ வெளியேறுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்குப் பின்பற்றும் அளவுகள் இவை. அடிமட்டம் எதைக் காட்டினாலும், நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று இறுகும் கதவு, கலங்கி வரும் ஊற்று, காரணமில்லாமல் வற்றும் ஓடை, இவற்றில் ஒன்றைக் கண்டால் காத்திருக்க வேண்டாம். அதிகாரிகள் போகச் சொன்னாலும் அப்படித்தான்.

இனி உடைமைகள். தோட்டங்களில் எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "மாட்டை என்ன செய்வது?" என்பது. நியாயமான கேள்வி, பால் காசில்தான் பிள்ளைகளின் படிப்புச் செலவு ஓடுகிறது. படகைக் கட்ட வேண்டும், மாட்டை அவிழ்க்க வேண்டும். பகலிலேயே பாதுகாப்பான இடத்துக்கு ஓட்டிப்போக முடியுமானால் நல்லது. முடியாவிட்டால் கொட்டிலைத் திறந்து, கயிற்றைக் கழற்றிவிட்டுப் போங்கள். அதைத் தேடி இரவில் திரும்பாதீர்கள். முச்சக்கரவண்டியை எங்கே நிறுத்துவது என்பதையும் முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், சேமலாப நிதிக் கடிதங்கள், வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி, நகை எல்லாம் ஒரே பொலித்தீன் பையில், கதவருகே இருக்கட்டும். பத்திரங்களைத் தொலைபேசியில் படமெடுத்து வெளியூரில் உள்ள உறவினருக்கு அனுப்பிவையுங்கள். தொலைந்த பிறப்புச் சான்றிதழுக்காக எத்தனை தடவை பஸ் ஏற வேண்டும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும்.

அப்பாயியை யார் தூக்குவது, தொங்கல் வீட்டில் தனியாக இருப்பவரை யார் எழுப்புவது என்று லயத்தில் எல்லோரும் கூடி இப்போதே பேசுங்கள். கோயிலுக்கோ பாடசாலைக்கோ போவதாக இருந்தால், அந்தக் கட்டடமும் சரிவின் பாதையில் இல்லையா என்று கிராம உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

வெளியேறிய பின் வீட்டில் திருட்டு நடக்கும் என்ற பயத்தில் ஆண்கள் மட்டும் தங்கிவிடுவது உண்டு. வேண்டாம். பொலிஸ் காவலுக்குக் கிராம உத்தியோகத்தர் மூலம் கேட்கலாம். மழை விட்ட பிறகும் ஊறிய மண் சரியலாம். அதிகாரிகள் இடத்தைப் பார்த்துச் சொல்லும்வரை பாத்திரம் எடுக்கக்கூடத் திரும்ப வேண்டாம். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.