எலுமிச்சம்பழம் உருளும் பக்கம்

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுகிறேன். உன் கடிதமும் அதோடு மடித்து வைத்திருந்த தாளும் வந்து சேர்ந்தன. தாளில் நாற்பத்திரண்டு சொற்கள். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். அடுத்த மாதம் உன் மாலை வகுப்பில் நாடகமும் அரங்கமும் என்ற பாடம் வருகிறது, மாணவர்களில் ஒருவர்கூட அரங்கத்துக்குப் போய் மேடை நாடகம் பார்த்ததில்லை, அதனால் இந்தச் சொற்களையாவது நெட்டுருப் போட வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் ஐயா. அந்தத் தாளை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிடு. பாடம் முடிந்தபிறகு எடுத்துக் கொடுக்கலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே வேலையைத்தான் செய்தேன். கரும்பலகை நிறைய எழுதிப் போட்டேன், பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள். பரீட்சையில் 'விங்ஸ்' என்ற சொல்லுக்குப் பாதி வகுப்பு 'இறக்கைகள்' என்று எழுதியிருந்தது. அவர்கள் மேல் என்ன தப்பு? மேடையின் பக்கவாட்டில், கூட்டத்தின் கண்ணில் படாத இடத்தில், நெஞ்சு படபடக்க ஒரு தடவை நின்றவருக்குத்தான் அந்தச் சொல்லின் பொருள் தெரியும். நாடகச் சொற்கள் எல்லாமே அப்படித்தான். யாரோ எங்கோ நின்று, எதையோ தூக்கி, எதற்கோ காத்திருந்தபோது பிறந்தவை. அங்கே நிற்க வைக்காமல் சொல்லை மட்டும் கொடுத்தால் அது ஒட்டாது.

உன் வகுப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று போன தடவை சொன்னாய். இரண்டு செவிலியர், ஒரு தையற்காரர், ஒரு எலக்ட்ரீசியன், ஜவுளிக் கடையில் நிற்கும் பெண்கள். அவர்களுக்கு நாடகம் தெரியாது என்று நினைக்காதே. 'தியேட்டர்' என்றதும் எல்லாருக்கும் சினிமாக் கொட்டகை நினைவுக்கு வரும். அந்தச் செவிலியர் இருவருக்கும் ஆபரேஷன் தியேட்டர் வரும். அவர்களிடமிருந்தே தொடங்கு. கிரேக்க மொழியில் 'பார்க்கும் இடம்' என்ற பொருளில் பிறந்த சொல் அது. அறுவை அறைக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேள், யோசிக்கட்டும். லண்டனில் செயின்ட் தாமஸ் தேவாலயத்தின் மேல்மாடத்தில் 1822-ல் அமைத்த அறுவை அரங்கம் இன்றும் அருங்காட்சியகமாக இருக்கிறது. நடுவில் ஒரு மரமேசை. சுற்றிலும் படிப்படியாக உயரும் தட்டுகள். மருத்துவ மாணவர்கள் அந்தத் தட்டுகளில் நின்று அறுவையைப் பார்த்துப் படித்தார்கள். நாடகம் பார்ப்பது போலவே பார்த்தார்கள், பெயரும் தங்கிவிட்டது. இதைச் சொன்ன பிறகு அந்தச் செவிலியர் அந்தச் சொல்லை மறக்கவே மாட்டார்கள்.

அடுத்து 'பார்ட்'. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட் என்று கோயில் கொடைக்குப் போடும் வள்ளி திருமணம் நோட்டீசில் பார்த்திராதவர் உன் ஊரில் உண்டா? சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் 1918-ல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிச் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த மண் அது. நம் மேடை இந்தச் சொல்லை ஆங்கிலத்திலிருந்து எடுத்துத் தன்னுடையதாகவே ஆக்கிக்கொண்டது. ஆங்கில மேடையில் அது எப்படி வந்தது என்பதைச் சொல். ஷேக்ஸ்பியர் காலத்தில் நடிகருக்கு முழு நாடகத்தையும் கொடுக்க மாட்டார்கள். கையால் படி எடுக்கவேண்டிய காலம். செலவும் அதிகம், அடுத்த கம்பெனிக்காரன் திருடிவிடுவான் என்ற பயமும் உண்டு. அதனால் அவரவர் பேச வேண்டிய பகுதியை மட்டும் நீளத் தாளில் எழுதிச் சுருட்டிக் கொடுப்பார்கள். அந்தப் பகுதிதான் பார்ட். அந்தச் சுருளின் பிரெஞ்சுப் பெயரிலிருந்துதான் 'ரோல்' வந்தது. சரி, நம் முறை எப்போது என்று நடிகருக்கு எப்படித் தெரியும்? எதிராளி பேசி முடிக்கும் கடைசி இரண்டு மூன்று சொற்களும் அந்தச் சுருளில் இருக்கும். அதுதான் 'கியூ'. அதைக் கேட்டதும் வாய் திறக்க வேண்டும்.

இது வெறும் பழங்கதை இல்லை. உன் வகுப்புக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. ஒரு பக்க உரையாடலை எழுது. அதைத் துண்டு துண்டாக்கி, ஆளுக்கு ஒரு சுருள் கொடு. ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் கியூச் சொற்கள் மட்டும் இருக்கட்டும். முழு உரையாடலும் யார் கையிலும் இருக்கக் கூடாது. அப்போதுதான் காது திறக்கும். நம் மாணவர்கள் வாசிக்கும்போது தங்கள் வரி எப்போது வரும் என்று தாளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. சுருளைக் கொடுத்துப் பார், கேட்டே தீர வேண்டியிருக்கும். கியூ என்பதும், டிக்கெட் வாங்க வரிசையில் நிற்கும் கியூ என்பதும் காதுக்கு ஒன்று, எழுத்துக்கு இரண்டு என்பதையும் அப்போதே சொல்லிவிடு.

எந்த உரையாடல் என்று கேட்பாய். 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தில் வரும் தொழிலாளிகளின் ஒத்திகையை எடு. தச்சர், நெசவாளி, துருத்தி சரிசெய்பவர், தையற்காரர், பாத்திரம் ஈயம் பூசுபவர் எல்லாரும் வேலை முடிந்தபிறகு காட்டுக்குள் கூடி, கோமகனின் திருமணத்துக்கு நாடகம் போட ஒத்திகை பார்க்கிறார்கள். நெசவாளிக்கு எல்லா வேடத்தையும் தானே போட ஆசை. துருத்திக்காரருக்கு மீசை முளைக்கிற வயது, பெண் வேடம் போடச் சொன்னால் தயங்குகிறார். கடைசியில் போடுகிறார், போட்டுக்கொண்டு தன் சுருளில் இருப்பதையெல்லாம், கியூவையும் சேர்த்து, ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுகிறார். ஒருவர் சுவராக நின்று இரண்டு விரல்களை விரித்து அதுதான் சுவரின் ஓட்டை என்கிறார். ஷேக்ஸ்பியரின் ஆங்கிலம் உன் வகுப்புக்கு வேண்டாம், எளிய ஆங்கிலத்தில் நீயே எழுது. வேலை முடித்துக் களைத்து வந்து புதிதாக ஒன்றைக் கற்கும் மனிதர்களைப் பற்றிய காட்சி அது. உன் வகுப்பும் அதுதானே. உன் தையற்காரரை அந்தத் தையற்காரராகவே நிறுத்து.

ஒத்திகைக்கு முன்னால் மேடையை வரை. மேசையின் இரண்டு கால்களுக்கு அடியில் செங்கல் வைத்துச் சாய்த்து, மேலே ஒரு எலுமிச்சம்பழத்தை வை. அது உருண்டு வரும் பக்கம் 'டவுன்ஸ்டேஜ்', அங்கேதான் பார்வையாளர்கள். உயர்ந்த பக்கம் 'அப்ஸ்டேஜ்'. பழைய ஐரோப்பிய மேடைகள் அப்படித்தான் சாய்ந்திருந்தன, பின்னால் நிற்பவரும் தெரிய வேண்டும் என்பதற்காக. பின்னால் போய் நிற்கும் நடிகரோடு பேச வேண்டுமானால் முன்னால் இருப்பவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்ப வேண்டும். அதனால்தான் அடுத்தவருக்குச் சேர வேண்டிய கவனத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதற்கு ஆங்கிலத்தில் அப்ஸ்டேஜ் என்றே வினைச்சொல் வந்தது. இரண்டு பேரை நிறுத்தி இதைச் செய்து காட்டச் சொல். இடது வலது என்பதும் நடிகரின் இடது வலதுதான், பார்ப்பவருடையது இல்லை. அதையும் நிற்க வைத்தே சொல்லிக்கொடு.

எலக்ட்ரீசியனுக்கு 'லைம்லைட்' இருக்கிறது. அது எலுமிச்சை லைம் இல்லை, சுண்ணாம்பு. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து எரியும் சுடரில் சுண்ணாம்புக் கட்டியைக் காய்ச்சினால் கண் கூசும் வெள்ளை ஒளி வரும். மின்விளக்கு வருமுன் முக்கிய நடிகரின் மேல் அதைத்தான் பாய்ச்சினார்கள். லண்டன் கோவன்ட் கார்டன் அரங்கில் 1837-ல் அது வந்தது. விளக்கு போய்விட்டது, சொல் இன்னும் இருக்கிறது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. ஒரு வரியை எடுத்துக்கொள். 'ஐ டிட் நாட் டேக் யுவர் பேக்.' இதை 'ஐ'யில் அழுத்தினால் எடுத்தது வேறு ஆள். 'டேக்'கில் அழுத்தினால் எடுக்கவில்லை, நகர்த்திதான் வைத்தேன். 'யுவர்' என்பதில் அழுத்தினால் வேறு யாருடைய பையையோ எடுத்திருக்கிறேன். நாம் தமிழில் இந்த வேலையை ஒட்டுகளிடம் கொடுத்துவிட்டோம். நானா எடுத்தேன், நான்தான் எடுத்தேன், உன்னுடையதை எடுக்கவில்லையே என்று ஆ, தான், ஏ சேர்த்தால் போதும்; குரல் பெரிதாக ஏறி இறங்க வேண்டியதில்லை. அதனால் ஆங்கிலத்திலும் எல்லா அசையையும் சம எடையில் சொல்லிக்கொண்டு போகிறோம். இலக்கணம் சரியாக இருந்தும் எதிரில் இருப்பவர் புருவத்தைச் சுருக்குவது இதனால்தான். இதை விதி சொல்லிப் புரியவைக்க முடியாது. கோபமாக ஒரு முறை, கெஞ்சலாக ஒரு முறை, சந்தேகத்தோடு ஒரு முறை என்று நடித்துச் சொல்ல வைத்தால் அழுத்தம் தானாக வந்து உட்காரும்.

அதற்குத்தான் ஒத்திகை. 'ரிஹர்ஸ்' என்ற சொல்லின் பழைய பிரெஞ்சு வேர் உழவிலிருந்து வந்தது. உழுத மண்ணை மறுபடி பரம்படித்துக் கட்டி உடைப்பது என்று பொருள். நம் மாணவர்களுக்கு ஒரே வாக்கியத்தை இருபது முறை சொல்ல வெட்கம். சொன்னால் தெரியாதவன் என்று நினைப்பார்கள் என்ற பயம். மேடைக்காரனுக்கு அந்த வெட்கம் கிடையாது. எவ்வளவு பெரிய நடிகரும் ஒரே வரியை அறுபது முறை சொல்கிறார், யாரும் அவரை மட்டமாக நினைப்பதில்லை, அது அவர் தொழில். அந்த உரிமையை உன் மாணவர்களுக்கு வாங்கிக்கொடு. இப்போது நாம் ஒத்திகையில் இருக்கிறோம் என்று சொன்னாலே போதும், தப்பாகப் பேசுவதற்கு ஒரு இடம் கிடைத்துவிடும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆண்டுவிழா நாடகத்துக்காகப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பெண், நல்ல தைரியசாலி, முதல் முறையாகத் தாளைப் பார்க்காமல் பேசினாள். நடுவில் ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்தாள். நான் உடனே நிறுத்தி, எல்லார் முன்னாலும் மூன்று தடவை திருத்திச் சொல்ல வைத்தேன். அந்த ஆண்டு முழுவதும் அவள் என் வகுப்பில் ஆங்கிலத்தில் வாய் திறக்கவில்லை. கேட்டால் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். அந்தக் குழந்தையின் குரலை நான்தான் அடைத்தேன். முப்பது வருஷம் ஆகியும் அது எனக்குள் ஆறவில்லை.

நாடக இயக்குநர்கள் செய்வதை நான் அப்போது அறிந்திருக்கவில்லை. காட்சி ஓடும்போது அவர்கள் குறுக்கே பேச மாட்டார்கள். இருட்டில் உட்கார்ந்து குறித்துக்கொண்டே இருப்பார்கள். முடிந்தபிறகு எல்லாரையும் உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். அதற்குப் பெயரே 'நோட்ஸ்'. நீயும் அப்படியே செய். கையில் ஒரு நோட்டை வைத்துக்கொள், காட்சி முடியும்வரை வாயைத் திறக்காதே. ஆளுக்கு இரண்டு குறிப்புக்கு மேல் கொடுக்காதே. முதல் குறிப்பு நன்றாகச் செய்ததைப் பற்றியதாக இருக்கட்டும்.

டிக்கெட் வாங்கும் உரையாடல் உன் புத்தகத்தில் இருக்கும். ஸ்டால்ஸ், சர்க்கிள், உச்சியில் இருக்கும் மலிவான இருக்கைகளுக்கு 'தி காட்ஸ்' என்று வரும். அதைத் தரை டிக்கெட், பெஞ்சு, பால்கனியோடு சேர்த்துச் சொன்னால் ஒரு நொடியில் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் ஒன்று தலைகீழ்: நம் பழைய டூரிங் கொட்டகையில் தரை டிக்கெட்காரர் திரைக்கு முன்னால், ஆங்கில அரங்கில் மலிவு டிக்கெட்காரர் கூரைக்குப் பக்கத்தில். ஷேக்ஸ்பியரின் குளோபில் மட்டும் நம் கணக்குத்தான். 1599-ல் தேம்ஸின் தென்கரையில் கட்டிய அந்த அரங்கில் ஒரு பென்னி கொடுத்தவர்கள் மேடையை ஒட்டி முற்றத்தில் நின்றார்கள். நாடகத்தில் சுட்ட பீரங்கியின் பொறி கூரை வேய்ந்த வைக்கோலில் பட்டு 1613-ல் அது எரிந்தது. அதைப் போலவே இன்னொன்று கட்டி 1997-ல் திறந்தார்கள். உன் அத்தான் லண்டனில் வேலை பார்த்தபோது நான் அங்கே போய் அந்த முற்றத்தில் மூன்று மணி நேரம் நின்றேன். தலைக்கு மேல் வானம், குடை விரிக்க அனுமதியில்லை, தூறல் விழுந்தது. ஒரு நடிகர் பேசிக்கொண்டே மேடை விளிம்புக்கு வந்து என் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். நாற்பது வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் நான், ஆனாலும் யாரோ என்னோடு ஆங்கிலத்தில் பேசுகிறார் என்று அன்றுதான் உடம்பு உணர்ந்தது.

இருக்கை வரிசைகளுக்கு நடுவே இருக்கும் நடைபாதைக்கு 'ஐல்' என்று சொல். எழுத்தில் எஸ் இருக்கும், வாயில் வராது. இதைச் சொல்லாமல் விட்டால் எல்லாரும் தப்பாகச் சொல்வார்கள்.

'புட் ஆன் எ ப்ளே' என்பதை மொழிபெயர்க்கவே வேண்டாம். நாமும் நாடகம் போடுகிறோம், வேஷமும் போடுகிறோம்.

படுதாவுக்கு என்ன செய்வது என்று கடைசி வரியில் கேட்டிருந்தாய். என்னிடம் பழைய சுங்குடிப் புடவை இரண்டு இருக்கிறது, அரக்கு நிறம், இன்னும் கிழியவில்லை. ஓரத்தில் வளையம் தைத்து நூல்கயிறு கோத்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை உன் அப்பா இங்கே வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். இழுக்க ஒருவரைத் தனியாக வை; கூச்சத்தால் பேசவே வராத அந்தப் பையனைப் பற்றி எழுதியிருந்தாயே, அவனை வை. ஒவ்வொரு காட்சிக்கும் கியூவைக் கேட்டுத்தான் இழுக்க வேண்டும் என்று சொல்லிவிடு. முதல் ஒத்திகை எப்படிப் போனது என்று அன்று ராத்திரியே எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அத்தை