புது யோசனையை ஷிப்டுக்குள் கொண்டுவருவது எப்படி?

முத்தாண்டிக்குப்பத்திலிருந்தும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தும் நெய்வேலிக்கு வேலைக்குப் போகும் ஐடிஐ, டிப்ளமோ பிள்ளைகளுக்கு, வேலையை இன்னும் சீக்கிரம் முடிக்கும் வழிகள் தோன்றிக்கொண்டே இருக்கும். தோன்றவும் வேண்டும். ஆனால் பாய்லர் பக்கத்திலும் சுரங்கத்திலும் யோசனையை நுழைக்க ஒரு வரிசை உண்டு.

முதலில், எதைத் தொடக் கூடாது என்று எழுதி வையுங்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. பம்புகள் இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைத் தணிக்காவிட்டால், சுரங்கத் தரையைப் பிளந்துகொண்டு நீர் மேலே வரும். மண் வெட்டும் முறையை மாற்றலாம், கன்வேயரை மாற்றலாம். இறைப்பது மட்டும் நிற்கவே கூடாது. உங்கள் பிரிவில் அப்படி நிற்கக் கூடாதது எது? பாய்லரில் என்றால், உள்ளே தீ அணைந்ததும் எரிபொருளை நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பு. ‘அஞ்சு நிமிஷம்தானே’ என்று அதை பைபாஸ் செய்யச் சொல்பவர் எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் மறுத்துவிடுங்கள்.

அடுத்து, சின்னதாகச் செய்து பாருங்கள். இந்த ஊரே அப்படித்தான் உருவானது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் தென்பட்டது. நிலக்கரி இருப்பது உறுதியான பிறகும் அடிநீர் பெரிய தடையாக நின்றது. நேராகப் பெருஞ்சுரங்கத்தில் இறங்காமல், முதலில் ஒரு சோதனைக் குழி வெட்டி நீரைக் கட்டுப்படுத்த முடியுமா என்று பார்த்தார்கள். 1956இல் சுரங்க நிறுவனம், 1957இல் நேரு தொடங்கிவைத்த சுரங்கப் பணி, 1961இல் நிலக்கரி, 1962இல் மின்சாரம் எல்லாம் அதற்குப் பின்புதான். எனக்கு அந்தக் குழிதான் நெய்வேலியின் மிகத் துணிச்சலான வேலையாகப் படுகிறது.

உங்கள் சோதனைக் குழி ஒரே ஒரு யூனிட்டாக இருக்கட்டும். பகல் ஷிப்டில், அனுபவசாலி ஒருவர் கூட இருக்கும்போது, ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். எந்த வெப்பத்தில், எந்த அதிர்வில் நிறுத்துவது என்பதைத் தொடங்குமுன் எண்ணாகவே குறித்துவிடுங்கள். வேலை சூடுபிடித்த பிறகு ‘இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்’ என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். மாற்றுவது ஒரு வால்வு என்றால், பழையதை உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழைய முறைக்குத் திரும்பும் வழி இருக்க வேண்டும்.

வேலை தொடங்க வாங்கும் பெர்மிட் விஷயம் சுருக்கம்தான்: முறை மாறினால் புதுப் பெர்மிட்.

ஷிப்டு மாறும் நேரத்துக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும்; செய்த மாற்றம் அடுத்து வருபவருக்குத் தெரியாமல் போவது அப்போதுதான். தெரியாமல் பாய்லர் அருகே நிற்பது எவ்வளவு ஆபத்து என்பதை நெய்வேலி பார்த்திருக்கிறது. 2020இல் இரண்டாம் அனல் மின்நிலையத்தில் மே 7 அன்றும், மறுபடி ஜூலை 1 அன்றும் பாய்லர் வெடித்தது. ஜூலையில் அன்றைக்கே ஆறு பேர் இறந்தார்கள். பலியானவர்களில் பலர் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள். பாய்லர் அருகே சுத்தம் செய்பவருக்கும், உள்ளே என்ன நடக்கிறது, எந்தச் சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். ஆகவே லாக் புத்தகத்தில் எழுதுவதோடு நிற்காமல், செய்த மாற்றத்தை யந்திரத்தின் முன்னால் நின்று வாயால் சொல்லுங்கள்; கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை அவருக்கும் உண்டு என்பதை மேஸ்திரியை வைத்துக்கொண்டே சொல்லுங்கள்.

சோதனை தேறி, பொறுப்பதிகாரி கையெழுத்திட்டதும், சுவரிலிருக்கும் பழைய நடைமுறைத் தாளைக் கிழித்துவிட்டுப் புதியதைத் தேதியோடு ஒட்டுங்கள். இரண்டும் சேர்ந்து தொங்கினால், இரவு ஷிப்டுக்கு வருபவர் எதைப் பார்த்துச் செய்வார் என்று சொல்ல முடியாது.