ராஜமலைக்கு வனத்துறை பஸ்ஸில்

மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டை போகும் சாலையில் அஞ்சாம் மைல் வந்ததும் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்களின் கார், வேன் எல்லாம் நின்றுவிட வேண்டும். அங்கிருந்து ராஜமலைக்கு ஏற்றிச் செல்வது கேரள வனத்துறையின் சிறிய பஸ்தான்.

குடும்பத்தோடு சொந்த வண்டியில் வந்தவர்களுக்கு இது முதலில் எரிச்சலூட்டும். டிக்கெட்டுக்கு ஒரு வரிசை, பஸ்ஸுக்கு இன்னொரு வரிசை. ஆனால் மேலே போய் இறங்கியவுடன் காரணம் கண்ணெதிரே நிற்கும். சாலையோரப் பாறையில் வரையாடு ஒன்று, பத்தடி தூரத்தில் ஆட்கள் நடப்பதைப் பொருட்படுத்தாமல் புல் மேய்ந்துகொண்டிருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையில் இல்லாத விலங்கு அது; தமிழ்நாட்டின் மாநில விலங்கும் அதுதான். வருகிற கார்களையெல்லாம் அந்தக் குறுகிய மலைப்பாதையில் விட்டிருந்தால் இந்த நெருக்கம் வாய்த்திருக்காது. 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தப் பூங்காவில் சுற்றுலாவுக்குத் திறந்திருப்பது ராஜமலை என்கிற சின்ன ஓரம் மட்டுமே. அந்தக் கண்டிப்பு சரியானது.

அடிக்கடி போய்வருகிறவர்கள் காலையில் வாயில் திறக்கும் நேரத்துக்கே வந்துவிடுவார்கள். மே மாதத்திலும் பூஜை, கிறிஸ்துமஸ் விடுமுறைகளிலும் பத்து மணிக்கு மேல் வந்தால் வரிசையிலேயே பாதி நாள் கழியும். இணையத்தில் முன்பதிவு செய்துகொள்வது நல்லது. இதைவிட முக்கியமான ஒன்று உண்டு: பஸ் ஏறியபின் காருக்குத் திரும்ப வழியில்லை. ஸ்வெட்டர், குடை, மாத்திரை, குழந்தைக்கான பால் என வேண்டியதையெல்லாம் கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். கீழே வெயிலடிக்கிறதே என்று ஸ்வெட்டரை வண்டியில் விட்டுவந்தவர்கள் மேலே மூடுபனியில் நடுங்குவது அங்கே தினமும் காணும் காட்சி. தண்ணீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டுபோகாமல் எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துப்போகலாம். பஸ் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும். குமட்டல் வருகிறவர்கள் முன் இருக்கை கேட்டு வாங்குவது நல்லது.

இறங்குமிடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஏற்றமான தார்ச்சாலை. காற்று மெலிந்த உயரம் என்பதால் வயதானவர்களுக்கு மூச்சு வாங்கும். கடைசிவரை போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை, முதல் இரண்டு வளைவுகளிலேயே ஆடுகள் தென்படுவதுண்டு. வேகமாக ஏறி, படம் எடுத்து, வேகமாக இறங்குகிறவர்களுக்குக் கிடைப்பது குறைவு. ஓரமாக நின்று கால் மணி நேரம் பொறுத்தால், செங்குத்தான பாறையில் குட்டி தாயைத் தொடர்ந்து இறங்குவதையும் பார்க்கலாம். எதையும் ஊட்டக் கூடாது, தொடக் கூடாது, சாலையை விட்டுப் புல்வெளியில் கால் வைக்கக் கூடாது. 2,695 மீட்டர் உயர ஆனைமுடியும் இந்தப் பூங்காவுக்குள்தான் இருக்கிறது. பனி விலகினால் தெரியும்.

திரும்பும் பஸ்ஸுக்கும் வரிசை உண்டு. கீழே வேறு திட்டம் வைத்திருப்பவர்கள் அதற்கென ஒரு மணி நேரமாவது தனியாக ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

போகும் மாதத்தையும் பார்க்க வேண்டும். குட்டி ஈனும் பருவம் என்பதால் வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்கா மூடியிருக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் எச்சரிக்கையை அலட்சியப்படுத்தவே கூடாது. ராஜமலைக்கு அப்பாலுள்ள பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு சரிந்த மலை, தேயிலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேரைப் பலிகொண்டது. அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மழை வலுத்தால் பஸ் ஓடாது, பயணத்தைத் தள்ளிப்போடுவதே வழி.

நீலக்குறிஞ்சி இங்கே கடைசியாகப் பெருவாரியாகப் பூத்தது 2018இல். அந்த ஆண்டு ஆகஸ்ட் வெள்ளத்தில், மூணாறிலிருந்து வரும் வழியிலுள்ள பெரியவாரைப் பாலம் சேதமடைந்து, பூவைப் பார்க்க வந்தவர்கள் தவித்தார்கள். 12 ஆண்டுக் கணக்குப்படி அடுத்த பூப்பு 2030இல். அப்போது போக நினைப்பவர்கள் வார நாளாகத் தேர்ந்து, டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுவது நல்லது.