மிஷினைக் கழற்றக் கொடுத்துவிடாதே

பாளையங்கோட்டை

அன்பு மகள் கோமதிக்கு,

பெரியப்பா எழுதுவது.  

புது வீட்டு ஹாலில் மாட்டத் தாத்தாவின் சுவர்க் கடிகாரத்தைப் பரணிலிருந்து இறக்கியிருப்பதாக நேற்று போனில் சொன்னாய். கேட்டதும் அவ்வளவு சந்தோஷம். அடுத்த பேச்சிலேயே, "உள்ளே இருக்கிற மிஷினை எடுத்துவிட்டு பேட்டரி மிஷின் வைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார், செலவும் கம்மிதான் பெரியப்பா" என்றாய். அதற்கு மேல் எனக்குப் பேச்சு ஓடவில்லை. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

அந்தக் கடிகாரம் தாத்தா கொழும்பில் ஜவுளிக் கடைக் கணக்குப்பிள்ளையாக இருந்தபோது வாங்கியது. டயலைத் துடைத்துப் பார், எட்டு முனை நட்சத்திரமும் அதற்குள் ஆங்கில 'ஜே' எழுத்தும் தெரியும். ஜெர்மனியின் கறுப்புக் காட்டுப் பகுதியில் ஷ்ராம்பெர்க் என்ற ஊரில் 1861-இல் தொடங்கிய யுங்கன்ஸ் கம்பெனியின் முத்திரை அது. அமெரிக்கர்கள் இயந்திரம் வைத்துக் கடிகாரம் செய்த முறையைப் பழகிக்கொண்டு, 1903 வாக்கில் உலகத்திலேயே பெரிய கடிகாரக் கம்பெனியாக வளர்ந்தவர்கள். நான் விலையை நினைத்து இதைச் சொல்லவில்லை. தேக்குப் பெட்டியும் கண்ணாடியும் பூவேலையும் அந்த மிஷினுக்காகச் செய்தவை. மிஷினை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் மரப்பெட்டி. பேட்டரி மிஷினிலும் பெண்டுலம் ஆடும். ஆனால் அது அழகுக்குத் தொங்கும் தகடு. கழற்றி வைத்தாலும் முள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். தாத்தா கடிகாரத்தில் நேரத்தை வைத்திருப்பதே பெண்டுலம்தான்.

நீ பிறப்பதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நம் பழைய வீட்டுப் பட்டாசலில், சாமி படங்களுக்கு எதிர்ச்சுவரில் அது தொங்கியது. தாத்தா சனிக்கிழமை தோறும் எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஈரம் காயாத தலையோடு முக்காலியில் ஏறிச் சாவி கொடுப்பார். ஒரு துவாரத்துக்குப் பதினான்கு அரைச்சுற்று. எண்ணிக்கொண்டே கொடுப்பார். ஒவ்வொரு அரைச்சுற்று முடிந்ததும் சாவியைச் சட்டென்று விடமாட்டார். பல்லில் உட்காரும் 'டக்' சத்தம் கேட்டபிறகுதான் பிடி தளரும். ஒரு துவாரம் முள் ஓடுவதற்கு, மற்றது மணி அடிப்பதற்கு. அப்புறம் ரேடியோவில் காலைச் செய்திக்கு முன்னால் வரும் பீப் ஒலிக்குக் காத்திருந்து பெரிய முள்ளைச் சரிசெய்வார். நானும் உன் அப்பாவும் முக்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

அவர் ஒரு செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தார். வீடு நிறைய ஆட்கள், கடிகாரத்தை யார் நினைத்தார்கள்? அது எட்டு நாள் கடிகாரம். கடைசியாக அவர் சாவி கொடுத்த சனிக்கிழமையிலிருந்து எட்டு நாள் ஓடி, மறு ஞாயிறு மத்தியானம் தானாக நின்றுவிட்டது. ஆச்சிக்குக் கண்புரை முற்றியிருந்த நேரம். மணிச் சத்தத்தை எண்ணித்தான் அவளுக்குப் பொழுதே தெரியும். நாளொன்றுக்கு மணிக்கணக்கில் நூற்றைம்பத்தாறு அடி, அரைமணிக்கு ஒன்றாக இன்னும் இருபத்துநாலு. அன்று சாயங்காலம் ஆச்சி அடுக்களைப் பக்கமிருந்து, "ஏய், மணியே அடிக்கலையேடா" என்றாள். அவர் போன அன்றுகூட அப்படி அழாதவள், அப்போது அழுதாள். பதினாறாம் நாள் விசேஷம் முடியட்டும் என்று யாரோ சொன்னார்கள். ஆச்சி கேட்கவில்லை. என்னைக் கூப்பிட்டு முக்காலியில் ஏற்றினாள். முதல் முதலாகச் சாவியைக் கையில் வாங்கியது அன்றைக்குத்தான். அந்த மிஷினை எடைக்குப் போடும்படி ஒருவர் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும் என்று நீயே நினைத்துப் பார்.

இனி செய்யவேண்டியதைச் சொல்கிறேன். பதினோரு வருஷம் பரணில் கிடந்த கடிகாரத்துக்கு ஆசையில் உடனே சாவி கொடுக்காதே. உள்ளே பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். தூசியும் சேர்ந்து அச்சு ஓடும் துளைகளை அரம் மாதிரி அராவும். நான் ஒரு முறை விவரம் தெரியாமல், முள் தயங்குகிறதே என்று தேங்காய் எண்ணெயைக் கோழி இறகால் தொட்டு வைத்தேன். பத்து நாள் நன்றாக ஓடியது, பிறகு ஒரேயடியாக நின்றது. தெற்குப் பஜாரில் கடிகாரம் பழுது பார்த்த பெரியவர் ஒருவர் முழுவதையும் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுத்தார். "சமையலுக்கு வேற, தையல் மிஷினுக்கு வேற, கடிகாரத்துக்கு வேற எண்ணெய் தம்பி" என்றார். அதிலும் அச்சு முனைக்கு ஒரு பொட்டுதான் வைப்பார்.

கோயம்புத்தூரில் டவுன்ஹால் பக்கம் வாட்ச் கடைகளில் வயதில் மூத்தவர்களாகப் பார்த்து விசாரி. சாவி கொடுக்கும் கடிகாரத்தைப் பிரித்துக் கழுவி, தேய்ந்த துளைக்குப் புஷ் போட்டுத் தருபவர்தான் வேண்டும் என்று சொல். நீங்களாகப் பின்பக்கத்தைத் திறந்து எதையும் திருகிவிட வேண்டாம். முறுகி இருக்கும் சுருள்வில் விடுபட்டால் விரலைக் கிழித்துவிடும். கொண்டுபோகும்போது பெண்டுலத்தைத் தனியே கழற்றித் துணியில் சுற்றி எடுத்துப் போ. அதை மாட்டியிருக்கும் மெல்லிய தகட்டு வில் வளைந்துவிட்டால் பிறகு நடையே கெட்டுப்போகும்.

திரும்பி வந்ததும் மாட்டுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. செங்கல் சுவராகப் பார்த்து, நீளமான ஸ்குரூ போட்டு மாட்டு. தடுப்புப் பலகை வேண்டாம், வெயில் விழும் சுவரும் வேண்டாம். மாட்டிவிட்டுக் கண்ணை மூடிக் காதைக் கொடு. 'டிக்'குக்கும் 'டாக்'குக்கும் இடைவெளி ஒரே அளவாக இருக்கவேண்டும். டிக்...டாக்-டிக்...டாக் என்று நொண்டினால் பெட்டியின் அடியை நூலளவு இடமோ வலமோ நகர்த்து. சரியான இடம் வந்ததும் காதே சொல்லிவிடும். கண்ணுக்கு நேராகத் தெரிவதை நம்பாதே, சத்தத்தை நம்பு. அந்த இடத்தில் சுவரில் பென்சிலால் சின்னக் கோடு போட்டு வை. நின்றுபோன கடிகாரம் என்று பரணில் ஏற்றப்பட்டவற்றில் பாதி, நொண்டி நடையால் நின்றவைதான் என்பது என் அனுபவம்.

பின்தங்கினால் பெண்டுலத்துக்குக் கீழே இருக்கும் சிறு திருகைத் திருகிக் குண்டை மேலேற்று. முந்தினால் இறக்கு. குண்டின் கனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நீளம்தான் கணக்கு. நம்முடையதைப் போல ஒரு சாண் சொச்சம், இருபத்தைந்து சென்டிமீட்டர் நீளப் பெண்டுலத்தில் ஒரு மில்லிமீட்டர் மாறினாலே நாளுக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம் மாறிவிடும். ஆகவே ஒரு நாளைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகாதே. டச்சுக்காரர் ஹைகன்ஸ் 1656-இல் பெண்டுலத்தைக் கடிகாரத்தில் பூட்டும்வரை நாளுக்குக் கால்மணி நேரம் தவறுவதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. அவருக்குப் பிறகுதான் அது நொடிக் கணக்குக்கு வந்தது. சித்திரை வெயிலில் இரும்புத் தண்டு நீண்டு, ஒரு டிகிரிச் சூட்டுக்கு நாளுக்கு அரை நொடி வீதம் பின்தங்கும். அது பழுதில்லை, அதன் சுபாவம். குவார்ட்ஸ் கல் நொடிக்கு முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் தடவை துடிக்கிறது. அதனோடு இது போட்டி போடாது. துல்லியமான நேரத்துக்கு உன் கையில் போன் இருக்கிறது.

பெரிய முள்ளைப் பின்னால் ஒருபோதும் திருப்பாதே. முன்னால் திருப்பும்போதும் ஒவ்வொரு மணிக்கும் அரைமணிக்கும் நிறுத்தி, அடித்து முடிக்கவிடு. ராத்திரி மணிச் சத்தத்தில் குழந்தை முழித்துக்கொள்கிறான் என்றால், மணிக்கு உரிய துவாரத்துக்கு மட்டும் சாவி கொடுக்காமல் விடு. கடிகாரம் சத்தமில்லாமல் ஓடும், ஒரு கெடுதலும் இல்லை. அவன் கொஞ்சம் வளர்ந்ததும் அந்தச் சத்தம் இல்லாமல் அவனுக்குத் தூக்கம் வராது பார்.

மாப்பிள்ளை ஆபீஸ் வேலையாக ஜெர்மனி போகும்போது குயில் கடிகாரம் ஒன்று வாங்கிவர ஆசைப்படுகிறார் என்றாய். தாராளமாக வாங்கட்டும். அதுவும் அதே கறுப்புக் காட்டுப் பொருள்தான். ஆனால் பேட்டரியில் பதிவு செய்த குயில் சத்தம் போடுவதை வாங்கிவிட வேண்டாம் என்று சொல். உள்ளே இரண்டு சின்னத் துருத்திகள் காற்றை ஊதி இரண்டு சுரம் எழுப்புவதுதான் அசல். சங்கிலியில் தொங்கும் குண்டுகளைத் தினமும் இழுத்துவிட வேண்டியதும் உண்டு, எட்டு நாளைக்கு ஒருமுறை இழுப்பதும் உண்டு. எட்டு நாளுடையதாகக் கேட்டு வாங்கட்டும்.

"வாராவாரம் யார் பெரியப்பா சாவி கொடுப்பது, மறந்துபோகும்" என்று நீ சொல்வாய். முல்லைப்பாட்டில் பாசறையில் நீர்க் கடிகை பார்த்து அரசனுக்கு நாழிகை சொல்பவர்கள் வருகிறார்கள். இருபத்துநாலு நிமிட நாழிகை ஒவ்வொன்றுக்கும் விழித்திருந்து சொல்லவேண்டிய வேலை. உனக்கு வாரத்துக்கு இரண்டு நிமிடம். சனிக்கிழமை என்று கிழமையை மாற்றாமல் வைத்துக்கொள், கை தானாகப் போகும். பையனை முக்காலி பிடிக்கச் சொல். எண்ணுவதை அவனிடம் விட்டுவிடு.

கடிகாரத்தை ஏற்கெனவே கடைக்காரரிடம் கொடுத்திருந்தால் உடனே போய்த் திரும்ப வாங்கிவிடு. அவர் பணம் ஏதும் கேட்டால் கொடுத்துவிடு, நான் அனுப்புகிறேன். சாவி உன்னிடம் இல்லை என்றாய். தாத்தாவின் சாவி என் பீரோவில்தான் இருக்கிறது. நாளைத் தபாலில் பதிவு செய்து அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்.

ஆசிகளுடன்,
பெரியப்பா