ஆற்றுப் பனி பார்க்க வரும் பிள்ளைகளுக்கு

கனடாவிலும் அலாஸ்காவிலும் குளிர்காலம் முழுக்க ஆறு உறைவதையும் உடைவதையும் பார்த்துக் குறித்து அனுப்பும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு, கொஞ்சம் முன்னால் வந்தவன் என்ற உரிமையில் சில சொல்கிறேன்.

1. ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதே பாலம், அதே திசை, அதே நேரம். நீங்கள் எடுத்து அனுப்பும் படத்தில் அசையாத ஏதாவதொன்று, ஒரு பாலத்தூணாவது விழவேண்டும். அலாஸ்காவின் நெனானா ஊரில் 1917 முதல் தனனா ஆற்றின் பனி எந்த நிமிடம் உடையும் என்று பந்தயம் கட்டுகிறார்கள். சூதாட்டம்தான். ஆனால் ஆண்டுதோறும் ஒரே இடத்தில் குறித்து வந்ததால், காலநிலை ஆய்வாளர்கள் அந்தப் பட்டியலைத் தேடிப் படிக்கிறார்கள். 2019இல் ஏப்ரல் 14ஆம் தேதியே பனி உடைந்துவிட்டது என்பதன் கனம், முந்தைய நூறு ஆண்டுகள் பக்கத்தில் இருப்பதால்தான் தெரிகிறது.

2. ஏரியை வைத்து ஆற்றை எடைபோடாதீர்கள். அசையாத ஏரி மேலிருந்து உறையும். ஓடும் ஆறோ அடிவரை கலங்கிக் கலங்கி, முழுவதும் ஒன்றாகக் குளிரும். பூச்சியத்துக்குக் கீழே ஒரு டிகிரியின் நூறில் சில பங்கு இறங்கினாலே நீருக்குள் ஊசி ஊசியாகப் பனித்துகள் பிறந்துவிடும். மேலே மிதந்து வரும்போது உறையத் தொடங்கிய நெய்போல மங்கலாகத் தெரியும். அதே துகள் ஆற்றடியில் உள்ள கல்லிலும் ஒட்டும். ஊருக்குத் தண்ணீர் எடுக்கும் குழாயின் வலையையும் அடைக்கும். வெயில் ஏறியதும் அடியில் ஒட்டியது கழன்று, கூழாங்கல்லையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மேலே வரும். மண்ணிறத்தில் அழுக்குப் பனி மிதந்தால் அதையும் குறியுங்கள்.

3. நிறத்தைப் படியுங்கள். அடியிலுள்ள இருட்டுத் தெரியும் தெளிந்த பனிதான் உறுதியானது. வானிலிருந்து கொட்டிய ஸ்னோ நனைந்து மீண்டும் உறைந்த வெள்ளைப் பனிக்கு அதில் பாதி வலுதான் என்று கணக்கு வையுங்கள். சாம்பல் நிறமென்றால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. கால் வைக்கக் கூடாது. தனியாள் நடக்க 15 சென்டிமீட்டர், கூட்டமாக என்றால் 20, ஸ்னோமொபைலுக்கு 25 என்று கனடாவில் சொல்லிக்கொடுப்பார்கள். அது தெளிந்த பனிக்கான கணக்கு. ஆற்றில் பத்தடி தள்ளினால் தடிப்பு வேறு.

4. ஒருநாள் குளிரை நம்பாதீர்கள். பனி வளர்வது சேர்ந்த குளிரால். தடிப்பு இரட்டிக்க, ஏறக்குறைய நான்கு மடங்கு குளிர் சேரவேண்டும். முதலிலேயே ஸ்னோ கொட்டிவிட்டால் அது போர்வையாகிவிடும். வெளியே மைனஸ் 30 என்றாலும் அடியில் வளர்ச்சி மந்தம்தான். ஸ்னோவின் பாரம் பனியை அமுக்க, வெடிப்பு வழியே தண்ணீர் ஏறி ஸ்னோவுக்கடியில் ஒளிந்து நிற்கும். அந்தக் குளிரில் நனைந்த கால் விளையாட்டுக் காரியமல்ல.

5. மெல்லிய இடங்களை முன்கூட்டியே வரைபடத்தில் குறித்து வையுங்கள்: பாலத்தூணைச் சுற்றி, வளைவின் வெளிப்பக்கம், கிளையாறு சேருமிடம், ஊற்று, கழிவுநீர் வந்து விழுமிடம்.

6. தடிப்பை அளக்கத் துளையிடத் தனியாகப் போகாதீர்கள். மிதக்கும் ஜாக்கெட்டைப் போட்டு, பனியைக் குத்திப் பிடித்து ஏறும் ஆணிப்பிடிகளைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அடிக்கும் முன் இரும்புக் கோலால் குத்திப் பாருங்கள். துளையில் தண்ணீர் பனியின் தடிப்பில் பத்தில் ஒன்பது பங்கு ஏறி நிற்பது இயல்பு. மேலே வழிந்தால் ஸ்னோ அமுக்குகிறது என்று பொருள். அடியில் தொங்கும் சேற்றுப்பனியைத் தடிப்பில் சேர்க்காதீர்கள், தனியே எழுதுங்கள்.

7. பார்த்ததை எழுதுங்கள், நினைத்ததை எழுதாதீர்கள். “ஆறு பாதி உறைந்துள்ளது” என்பது யாருக்கும் பயன்படாது. “இடக்கரையிலிருந்து இரண்டாம் தூண்வரை பனி, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே திறந்த நீர்” என்றால் பயன்படும். நீர் போகும் திசையைப் பார்த்து நிற்கும்போது இடப்பக்கம் இருப்பதே இடக்கரை. செயற்கைக்கோளின் ரேடார் மேகத்தையும் இருட்டையும் தாண்டிப் பார்க்கும். ஆனால் மேலே நீர் தேங்கிய பனிக்கும் திறந்த நீருக்கும் அது தடுமாறும். அந்த இடத்தில்தான் உங்கள் கண் வேண்டும்.

8. வசந்தத்தில் கண்ணை எடுக்காதீர்கள். பனி இருந்த இடத்திலேயே கரைந்து போனால் தொல்லையில்லை. உருகிய நீர் மேலிருந்து பாய்ந்து, இன்னும் வலுவாக இருக்கும் பனியை உடைத்தால் பாளங்கள் வளைவிலோ தீவிலோ சிக்கி அணைபோல் அடைக்கும். 2020 ஏப்ரலில் அதபாஸ்கா ஆற்றில் அப்படி 25 கிலோமீட்டர் நீளத்துக்கு அடைத்து, ஃபோர்ட் மெக்மரி நகரில் சுமார் 13,000 பேர் வீட்டைவிட்டுப் போக நேர்ந்தது. கரையோரம் நெடுக வெடிப்பு விழுவது, பனி மேலே தூக்கப்படுவது, பாளங்கள் நகர்ந்து திடீரென நிற்பது, இவற்றில் எதைக் கண்டாலும் முதலில் மேட்டுக்கு ஏறுங்கள். அடுத்து தொலைபேசியில் சொல்லுங்கள். படிவம் நிரப்புவது கடைசி வேலை.

9. சந்தேகமென்றால் கரையிலேயே நில்லுங்கள். தடிப்பு என்ற கட்டத்தை வெறுமையாக விட்டு, “இறங்கவில்லை” என்று எழுதி அனுப்புங்கள். பனி கால் வைக்கத் தகுந்ததாக இல்லை என்பதும் முழுமையான தகவல்தான்; அதற்காக யாரும் உங்களைக் குறை சொல்லப் போவதில்லை.